மருந்துவாழ்மலையில் எதிர்ப்பட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கொங்குநடை:
கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் எல்லாரும் படகுத்துறை வரிசையில் நிற்க, நான் மட்டும் பொற்றையடியில் இறங்கி மலையேறியதற்கான காரணத்தை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் காலை ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்கியது என் தவறு. படிக்கட்டில் எனக்கு முன்னால் ஒரு பாட்டியம்மா, ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் தண்ணீர் நிரப்பி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலுடன் ஏறிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமினேன், அவர் ஒதுங்கி நின்றார், தாண்டிப் போய்விட்டேன்.

உச்சியிலுள்ள அனுமன் சன்னிதியை அடையும் முன்பே என் புட்டி காலியாகிவிட்டது. இறங்கும் வழியில் பிள்ளைத்தடம் குகைக்கு அருகே கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, அதே பாட்டியம்மா பாறை நிழலில் இருந்தபடி "குடி, மக்களே" என்று கேனை நீட்டினார். அதன் மஞ்சள் மூடி சிறிய கயிற்றால் கைப்பிடியோடு கட்டப்பட்டிருந்தது. நான் குடித்து நிறுத்தியபோது அடியில் மூன்று விரற்கடைத் தண்ணீர்தான் மிச்சம். அவர் கேனை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், வந்த வழியே கீழே இறங்கத் தொடங்கினார். அந்தத் தண்ணீரை யாருக்காகச் சுமந்து வந்தார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஓராண்டு ஆகிறது, இன்னும் உறுத்துகிறது.

நெய்தல்கரை:
குரங்குகளுக்காகத்தான் இருக்க வேண்டும். சென்ற வைகாசியில் நானும் என் தம்பியும் ஏறியபோது ஒரு தாய்க்குரங்கு பையைப் பறித்துக்கொண்டு பாறை மீது ஏறியது. கடலை மிட்டாயை அது தொடவே இல்லை. தண்ணீர்ப் புட்டியை எடுத்து, அடிப்பக்கத்தைக் கடித்து ஓட்டையிட்டு, பீறிட்ட நீரை வாயில் வாங்கியது. வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குட்டி, பாறையில் வழிந்ததை நக்கியது. பக்கத்திலேயே ஒரு பாறைக் குழி, விளிம்பில் காய்ந்த பாசியோடு வறண்டு கிடந்தது. யாரோ அதில் வழக்கமாக ஊற்றுகிறார்கள் என்று அப்போதே நினைத்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மேலே சொன்ன கருத்தை நான் ஏற்கவில்லை. பிள்ளைத்தடம் என்பது நாராயண குரு தவமிருந்ததாகப் போற்றப்படும் குகை. 1888-இல் அவர் அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிட்டை செய்வதற்கு முந்தைய காலத்து நிகழ்ச்சி அது. ஐயா வைகுண்டரின் அன்பர்களுக்கும் இம்மலை புனிதமானது. இங்குத் துறவிகள் வந்து தங்குவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. ஆகவே அந்த அம்மையார் சுமந்தது துறவிகளுக்கான தண்ணீராகவே இருக்கும்.

என் அனுபவம் சிறியது: ஆடி மாதத்தில் உச்சியில் குடையை விரித்தேன், துணி ஒரு பக்கமும் கம்பி ஒரு பக்கமும் போயின. ஆனால் இளைஞர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் பெறுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அதுதான் காரணம். அதே பருவத்தில் இம்மலையின் உச்சி விளிம்பில் நின்று படம் எடுப்பது அறிவுடைமை ஆகாது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் ஆறரை மணியளவில்தான் உதிக்கும் என்பதால், ஐந்து மணிக்கே கைவிளக்கோடு புறப்பட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். படிக்கட்டு உச்சி வரை போகும் என்று நம்பி ரப்பர் செருப்போடு வருகிறவர்கள் மேல்பாறைகளில் தவழ நேரிடும். அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்ற ஐதிகத்தைக் கேட்டுவிட்டு, கண்ணில் பட்ட தழையையெல்லாம் பறித்துப் பையில் திணிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத இலையைக் கொண்டுபோய் வீட்டில் என்ன செய்வார்களோ! குரங்குகளுக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்பதையும் நெய்தல்கரை கவனிக்க வேண்டும்.

நெய்தல்கரை:
ஐயா, நாங்கள் கொடுக்கவில்லை; அது பறித்தது.

மூன்றுகடல்:
இருவர் சொல்வதும் ஊகம். நான் கேட்டே தெரிந்துகொண்டேன், ஆனால் நான் சந்தித்தவர் வேறு ஆள். மாலையில் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 133 அடி வள்ளுவர் சிலை உளுந்து மணி அளவில் தெரிந்தது, வட்டக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் கறுத்துக்கொண்டு வந்தன. இறங்கும்போது ஒரு பெரியவர் இரண்டு கேன்களோடு எதிரே ஏறி வந்தார். "சாமிக்கா, அண்ணாச்சி?" என்றேன். "வேப்பங்கன்னுக்கு" என்றார். பாறை இடுக்கில் முழங்கால் உயரத்தில் நின்ற கன்றைக் காட்டினார். அதைச் சுற்றிக் கற்களை அடுக்கி, தண்ணீர் ஓடிவிடாதபடி மண் அணைத்திருந்தார். கால் லிட்டருக்கு மேல் அதற்கு ஊற்றவில்லை. அடுத்த கன்றுக்குப் போய்விட்டார். எத்தனை கன்றுகள் என்று எண்ணுவதற்குள் இருட்டிவிட்டது. உதவட்டுமா என்று கேட்டதற்கு, பொழுதோடு இறங்கும்படி அதட்டினார்.

கொங்குநடை:
இவற்றையெல்லாம் படித்தபின் சென்ற ஞாயிறன்று மறுபடியும் போனேன். இம்முறை இரண்டு கேன்களைச் சுமந்து சென்றேன். பிள்ளைத்தடம் வரை போவதற்குள் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. குகை அருகே அவர் இல்லை. நெய்தல்கரை சொன்ன பாறைக் குழி கண்ணில் பட்டதால் ஒரு கேனை அதில் கவிழ்த்தேன் (ஆசிரியர் பொறுத்தருள்க). இன்னொன்றைக் குகை வாசலில் வைத்தேன். அடிவாரத் தேநீர்க் கடைக்காரரிடம் விசாரித்தபோது, தண்ணீர் சுமக்கும் பாட்டிமார் மூன்று நான்கு பேர் உண்டு என்றும், நான் தேடுபவர் கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா என்றும் கேட்டார். கயிறு கட்டிய மஞ்சள் மூடி என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.