விறகுப் புகை, புல் மருந்து, கூரைத் தகடு: தோட்டத்தில் பார்த்தவற்றை எழுதுங்கள்

தலவாக்கலையிலிருந்து:

சுற்றாடல் சட்டமும் ஏற்றுமதிச் சந்தையும் நம் இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் எதை மாற்றின என்று கண்ணால் பார்த்தவர்கள் எழுதினால் நல்லது. நான் பெக்டரியில் வேலை செய்கிறவன். என் அனுபவம் தேயிலைத் தூளைக் காய வைக்கும் ட்ரையரைப் பற்றியது.

அடுப்பில் விறகு எரிந்து இரும்புக் குழாய்கள் சூடாகும். அந்தச் சூட்டில் சூடேறிய சுத்தமான காற்றுதான் தூளைக் காய வைக்க வேண்டும். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகை உள்ளே கலந்துவிடும். முன்பெல்லாம் தேநீரில் புகை வாடை அடித்தால்தான் பழுது பார்ப்பார்கள். அப்புறம் ஆந்த்ராகுவினோன் என்ற பேச்சு வந்தது. விறகு, நிலக்கரிப் புகையிலிருந்து தேயிலையில் ஒட்டக்கூடிய இரசாயனம் அது. ஐரோப்பிய ஒன்றியம் தேயிலைக்கு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அதாவது 50,000 கிலோ தேயிலையில் ஒரே ஒரு கிராம். மூக்கால் கண்டுபிடிக்கிற அளவா இது?

எங்கள் தூளில் ஒரு தொகுதியை வாங்கியவர் பரிசோதனை முடிவைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் குழாய்களை மாற்றினார்கள், விறகுக்குக் கொட்டகை போட்டார்கள். மலையில் மழைக்காலத்தில் நனைந்த யூக்கலிப்டஸை அப்படியே அடுப்பில் தள்ளுவது வழக்கமாக இருந்தது. சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகையும் மண்டும். இப்போது பிளந்து, அடுக்கி, மாதக்கணக்கில் காய வைத்துத்தான் எரிக்கிறோம். விறகுச் செலவு குறைந்தது, அடுப்படியில் நிற்கிறவர்களின் இருமலும் குறைந்தது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தொழிற்சாலை நடத்த உத்தரவுப்பத்திரம் பெறும்போது புகைபோக்கியிலிருந்து வெளியே போகும் புகையைப் பார்ப்பார்கள். வாங்குகிறவர் தேயிலைக்குள் போன புகையைப் பார்க்கிறார். காய்ந்த விறகு இரண்டையும் தீர்த்தது. இதைச் சட்டமே முன்கூட்டிச் சொல்லித் தந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

பொகவந்தலாவையிலிருந்து:

தம்பி, பெக்டரிக்குள் நடந்ததைச் சொன்னீர்கள். மலையில் நடந்தது வேறு. நான் வெளிக்கள உத்தியோகத்தர்.

2015இல் கிளைபொசேட் என்ற புல் மருந்துக்குத் தடை வந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். மருந்து டாங்கியை முதுகில் சுமந்த ஆட்களின் உடம்பை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மாற்று வழி எதுவும் கையில் தரவில்லை. புல் வெட்ட ஆள் கிடைக்கவில்லை. இடுப்பளவு மண்டிய புல்லுக்குள் பெண்கள் அட்டைக்கும் பாம்புக்கும் பயந்துகொண்டுதான் கொழுந்தெடுத்தார்கள். கிளைபொசேட்டுக்குப் பதிலாக எம்சிபிஏ போன்ற வேறு புல் மருந்துகளை அடித்த தோட்டங்களும் இருந்தன. அதன் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான் பிரச்சினை கிளப்பியது. தனியாக எல்லை குறிக்கப்படாத மருந்துக்கு ஜப்பானில் 0.01 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. கடைசியில் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியையே ஒரே வர்த்தமானியில் நிறுத்தியபோது மறுபடியும் அதே கதை. நவம்பரில் கைவிட்டார்கள் என்றாலும் செடி காத்திருக்குமா? 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு விழுந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது, உண்மைதான். ஆனால் கொழுந்து குறைந்து, நாட்பெயர் (முழு நாள் சம்பளம்) அரைப்பெயரான வீடுகளில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியும்.

பொறுமையாகச் செய்தால் முடியும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. வேரைத் தாக்கும் வட்டப்புழுவுக்காக மண்ணில் பாவித்த, ஓசோனைக் கெடுக்கும் மெதைல் புரோமைட்டை மாற்று வழிகள் கண்டுபிடித்துப் படிப்படியாகக் கைவிட்டோம். அதனால்தான் 2011இல் ஓசோனுக்குப் பாதகமில்லாத தேயிலை என்ற முத்திரை கிடைத்தது.

ஹட்டனிலிருந்து:

ஒரு விஷயம் மட்டும். 2018 ஜனவரியிலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில், ஒரு தேயிலைப் பொதியில் தானியங்களை அழிக்கும் கப்ரா வண்டு இருந்ததாக ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடும் ரஷ்யாதான். அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திப்போனது, தேயிலைத் தடையும் அந்த மாதக் கடைசியிலேயே நீங்கியது. எங்கள் வீட்டுக் கூரை அஸ்பெஸ்டஸ் தகடுதான். வெடித்த இடத்தில் தூசி உதிரும்போதெல்லாம் அம்மா பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார். நம் கொழுந்தைக் காப்பாற்ற நம் கூரையை விட்டுக்கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பொகவந்தலாவையிலிருந்து:

தம்பி, அந்தக் கொட்டகை, குழாய், பரிசோதனை இதற்கெல்லாம் யார் காசு போட்டது?

தலவாக்கலையிலிருந்து:

எல்லாம் பெக்டரிதான், அக்கா. வாங்குகிறவர் எல்லையைச் சொன்னாரே தவிர, ஏலத்தில் அதற்கென்று விலை கூடவில்லை. எங்களைப் போன்ற பெரிய தோட்டம் தாங்கிக்கொள்ளும். சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கி அரைக்கும் பெக்டரிகள் அந்தச் செலவைக் கொழுந்து விலையில்தான் கழிக்கும். பரிசோதனைக் கட்டணத்தையாவது ஏற்றுமதியில் பிடிக்கும் வரிப்பணத்திலிருந்து கொடுக்கச் சொல்லி எங்கள் பகுதியில் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்குச் சோலார் போட்டவர்கள் இருந்தால் செலவுக் கணக்கை இங்கே போடுங்கள், மனுவோடு சேர்க்கலாம்.