துபாய் 24 மணி நேர ரேஸ்: டீமைக் கிட்ட போய்ப் பாக்கப் போறோம், இன்னா எடுத்துனு போறது, இன்னா கேக்கறது?

கொசப்பேட்டை ஷெட்டு:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் கொசப்பேட்டைல இருபத்திரெண்டு வருஷமா டூவீலர் ஷெட்டு வச்சினுகிறேன். கார்ல எனக்கு ஞானம் கம்மி, அத மொதல்லயே சொல்லிடறேன்.

தங்கச்சி வூட்டுக்காரர் ஷார்ஜால இருக்காரு. பொங்கலை ஒட்டி துபாய்ல 24 மணி நேர ரேஸ் நடக்குது, பையனை இட்டுனு வாங்க, ரேஸுக்கு முன்னாடி பிட் வாக்னு ஒண்ணு விடுவான், டீம்காரங்களைக் கிட்ட நின்னு பாக்கலாம்னு கூப்பிடறாரு. பையன் ஏழாவது படிக்கிறான். 2025 ஜனவரில அஜித் டீம் அங்க அவங்க பிரிவுல மூணாவதா வந்துச்சு இல்ல, அன்னிலேர்ந்து இவனுக்குத் தூக்கத்துலயும் போர்ஷே தான். கணக்கு நோட்டுல பின்னாடிலேர்ந்து பாதி வரைக்கும் கார் படம், முன்னாடிலேர்ந்து கணக்கு கால்வாசி கூட வரல.

இப்ப பிரச்சினை இன்னான்னா, வூட்டுக்காரம்மா ராணிப்பேட்டைல லெதர் கிளவுஸ் தைக்கிற கம்பெனில வேலை. ஓட்டுறவங்களுக்குக் குடுங்கன்னு ஆட்டுத்தோல்ல ஒரு ஜோடி கிளவுஸ் தச்சி வச்சிருக்கு. வாங்கிப்பாங்களா? இல்ல வாசல்லயே புடுங்கி வச்சிப்பானா? அப்புறம் ரெண்டு நிமிஷம் கெடச்சா இன்னாத்த கேக்கறது? செல்ஃபி எடுத்துனு வரதுக்கா அவ்ளோ தூரம் போறது.

பாலாற்றங்கரை:

தம்பி, நான் ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் துபாயும் இல்லை, பிட் வாக்கும் இல்லை. சோழவரம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளம், அதிலே ரேஸ். ராத்திரி சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நாலு பேர் வாலாஜாவிலிருந்து கிளம்புவோம். விஜய் மல்லையா அங்கே பழைய என்சைன் ஃபார்முலா 1 கார் ஒன்றைக் கொண்டுவந்து ஓட்டினார், அது போட்ட சத்தத்தில் என் நண்பன் ஒருவன் கையிலிருந்த தயிர்சாதத்தைக் கீழே போட்டான். 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்த பிறகு எல்லாம் ஒழுங்காகிவிட்டது, வேலி, டிக்கெட், வரிசை.

ஒன்று சொல்கிறேன். சோழவரத்தில் ஓட்டுபவரிடம் பேசியதைவிட, கார் அடியில் படுத்துக் கிடந்தவனிடம் பேசியதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நீயும் மெக்கானிக். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன் கையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009ல் பிரான்சில் லெ மான் 24 மணி ரேஸ் தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பிட் சுவரிலிருந்து குதித்து, தோள்பட்டை இறங்கி, தன் டீமின் ஆடி (Audi) காரை ஓட்டவே முடியாமல் போனது. கூட இருந்த இரண்டு பேரே ஓட்டி முடித்தார்கள். அவருக்கே அப்படி.

குடியாத்தம் ஏசி மெக்:

அண்ணா, நான் துபாய் அல் கூஸ்ல ஏசி டெக்னீசியன், சொந்த ஊர் குடியாத்தம். 2025ல போனேன். அன்னிக்கு அங்க கேட்டது பாதிக்கு மேல தமிழ்தான். கேலரியில எனக்குப் பின்னாடி ஒருத்தர் ஆம்பூர் பிரியாணி பத்தி அரை மணி நேரம் பேசினாரு, ரேஸ் ஓடிட்டிருக்கு.

நீங்க சனிக்கிழமை காலைல போய் டீமைப் பாத்துடலாம்னு நெனைக்காதீங்க. நம்ம அஜித் டீம் காரை நிறுத்தி வேலை பாக்கற பெட்டி முன்னாடி தலைதான் தெரியும், கார் தெரியாது. ரேஸுக்கு முந்தின ரெண்டு நாள் பிராக்டிஸ் நடக்கும்போதே போயிடுங்க. ராத்திரி பிராக்டிஸ் இருந்தா விடவே விடாதீங்க. பிரேக் டிஸ்க் சிவப்பா பழுத்து வர்றதை டிவியில பாக்கறது வேற, அங்க பாக்கறது வேற. டிராக் சுத்து 5.39 கிலோமீட்டர், ஒரே இடத்துல ஒக்காந்தா கொஞ்சம்தான் தெரியும், நடங்க.

எனக்கு ஒரு மனக்குறை. 2025ல பிராக்டிஸ்ல கார் மோதினதுக்கு அப்புறம் அஜித் தன் டீமோட போர்ஷே 992 வண்டியை ஓட்டாம ஒதுங்கிகிட்டாரு, வேற டீமோட கேமன்ல (அதுவும் போர்ஷேதான், வேற மாடல்) ஓட்டினாரு. மூணாவது இடத்துக்கு வண்டியைக் கொண்டு வந்தது மத்தியூ டெட்ரி, ஃபாபியன் டஃபியூ, கேமரன் மெக்லியோட் மூணு பேரும்தான். கேலரில ஒருத்தருக்காவது அந்தப் பேரு தெரிஞ்சுதா? பையனுக்கு அவங்க பேரைச் சொல்லிக் குடுங்கண்ணா. நீளமா ஓட்டுற ரேஸ்ல ஒருத்தர் பேரை மட்டும் கத்தறது, கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மட்டும் எலை போடற மாதிரி.

காட்பாடி ஸ்பேனர்:

அண்ணா, காட்பாடியில காலேஜ் படிக்கும்போது பசங்களோட சேர்ந்து ஃபார்முலா ஸ்டூடண்ட்னு காலேஜ் பசங்க போட்டிக்கு ரேஸ் கார் கட்டினவ நான். கிளவுஸ் விஷயம் நான் சொல்றேன்.

ஓட்டுறவங்க அதைப் போட முடியாது. அவங்க போடற கிளவுஸ், சூட்டு, உள்ள போடற பனியன் எல்லாமே எஃப்ஐஏ (உலக கார் ரேஸ் அமைப்பு) முத்திரை வாங்கின, தீப்பிடிக்காத துணி. தையல் நூல்கூட தீயைத் தாங்கற நூலா இருக்கணும். அண்ணிகிட்ட இதைச் சொல்லுங்க, தையல்காரங்களுக்கு அது புரியும். அதனால வண்டி ஓட்ட ஆகாது. ஆனா டயர் பாக்கற ஆளுங்களுக்கு எப்பவும் கிளவுஸ் வேணும். ரேஸ்ல வந்த வீலைத் தொட்டுப் பாருங்க, சாரி, தொடாதீங்க, சித்திரை வெயில்ல நம்ம ஊர்ல வெளிய நிறுத்தின பைக் டேங்க் எல்லாம் ஒண்ணுமே இல்ல.

கேக்க வேண்டியது ரேஸ் நடுவுல ஓட்டுற ஆளை மாத்தறதைப் பத்தி. கண்ணை மூடிட்டு இதைக் கற்பனை பண்ணுங்க: ஓட்டினவர் பெல்ட்டைத் தட்டி விட்டு, ரேடியோ ஒயர், தண்ணி குழாய் எல்லாம் கழட்டி, ஸ்டீயரிங்கையே உருவி மேல வச்சுட்டு எறங்கறாரு. குட்டையா இருக்கறவர் தனக்குன்னு அச்சு எடுத்த சீட் மெத்தையைத் தூக்கிட்டு உள்ள போறாரு. உள்ள சூடு 50 டிகிரியைத் தாண்டும். அந்த இருட்டுல பெல்ட் முனையைத் தேடி மாட்டறது ஒருத்தர் வேலை. டீம்லாம் இதை மணிக்கணக்கா பிராக்டிஸ் பண்ணுவாங்க. நீங்க முந்தின நாள் போனா இதையேதான் திரும்பத் திரும்ப பண்ணிட்டிருப்பாங்க. ஓரமா நின்னு பாருங்க, யாரும் தொரத்த மாட்டாங்க.

இன்னொண்ணு, இந்த ரேஸ்ல பெட்ரோல் அவங்கவங்க பெட்டில போட மாட்டாங்க. எல்லா வண்டிக்கும் பொதுவா ஒரு பங்க். லைன்ல நின்னு போடணும், வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்துல நாம நிக்கற மாதிரி. டிராக்ல ஏதாவது மோதல்னா ஊதா கொடி காட்டி எல்லாரையும் 60 கிலோமீட்டர் வேகத்துல போகச் சொல்வாங்க, கோட் 60னு பேரு. அந்த நேரத்துல எந்த வண்டி பங்குக்கு ஓடுது, எது ஓடலன்னு கவனிங்க. பாதி ரேஸ் அங்கதான்.

குடியாத்தம் ஏசி மெக்:

காட்பாடி ஸ்பேனர் மேடம், அந்த பங்க் லைன் ஞாபகம் இருக்கு. ரெண்டு கோடி ரூபா வண்டி நம்பருக்குக் காத்துட்டு நிக்கும். அப்ப வந்த சிரிப்பு எனக்கு இன்னும் அடங்கல.

பாலாற்றங்கரை:

நம் சென்னை கருண் சந்தோக் 2012ல் லெ மானில் ஆறாவதாக வந்தாரே, அதையும் பையனுக்குச் சொல். அங்கே ரேஸுக்குச் சில நாள் முன்னால் காரையெல்லாம் ஊருக்குள் கொண்டுவந்து, சதுக்கத்தில் வைத்துத்தான் பரிசோதனை செய்கிறார்கள், சனங்கள் சுற்றி நின்று பார்க்கும். நம் ஊர் கோட்டை மைதானத்தில் அப்படி ஒரு நாள் வைத்தால் என்ன என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

கொசப்பேட்டை ஷெட்டு:

எல்லாருக்கும் நன்றி. போய்ட்டு வந்துட்டோம், மூணு நாள் கழிச்சி இப்பதான் ஷெட்டு தொறந்தேன், அதான் லேட்டு.

நம்ம ஆளுங்க பெட்டிகிட்ட நெருங்கவே முடியல, குடியாத்தம் தம்பி சொன்ன மாதிரியே. நாலு பெட்டி தள்ளி ஒரு ஜெர்மன்காரன் டீமு, ஆளே இல்ல. அங்க போய் நின்னோம். வண்டிக்குப் பின்னால காத்துக் குழாயை ஒரு ஆளு சொருகினான், வண்டி தானா நாலு காலையும் தூக்கினு நிக்குது. ஜாக்கி உள்ளயே இருக்குதாம். நான் சென்டர் ஸ்டேண்டு போடவே மூச்சு வாங்கறவன், அப்பிடியே பாத்துனு நின்னுட்டேன்.

பையன் ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. வீல்ல எத்தினி நட்டுன்னு. அந்த ஆளு சிரிச்சிட்டு ஒத்த வெரலைக் காட்டினான். போர்ஷே கப் வண்டில வீலுக்கு நடுவுல ஒரே நட்டு. அப்புறம் பக்கத்து கேமனைக் காட்டி அஞ்சு வெரலை விரிச்சான். பாஷையே வேணாம்.

கிளவுஸை அவன்கிட்டயே குடுத்தேன். வூட்டுக்காரம்மா என் கை அளவுக்குத் தச்சிருக்கு, அவன் கை மொறம் மாதிரி. கட்டை வெரல் போகல. இழுத்துப் பாத்தான், தையலைத் திருப்பித் திருப்பிப் பாத்தான், ஓரத்து மடிப்பை நகத்தால கீறிப் பாத்தான். அப்புறம் உள்ள போய் இன்னொரு பொண்ணை இட்டுனு வந்தான், அதுவும் டயர் வேலைதான். அதுக்குச் சரியா இருந்துச்சு. போட்டுனே போயிடுச்சு.

வூட்ல சொன்னேன். இன்னா அளவுன்னு எழுதினு வந்திருக்கலாம் இல்லன்னு திட்டு.