இரண்டு ஸ்கோபஸ் கணக்குகள், மூன்று எச்-இன்டெக்ஸ்: படிவத்தில் எதை எழுதுவது?

நுண்ணோக்கி:
வணக்கம். உயிர்வேதியியலில் ஆய்வு செய்கிறேன், ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். பதவி உயர்வுப் படிவத்தில் எச்-இன்டெக்ஸ் கேட்கிறார்கள், அதாவது நம் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எண். கூகுள் ஸ்காலர் 12 என்கிறது. ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினால் நானே இரண்டு பேராக இருக்கிறேன்: ஒருத்திக்கு 6, இன்னொருத்திக்கு 5. அலுவலகத்தில் கேட்டேன். "பெரிய எண்ணைப் போடுங்கள் மேடம்" என்றார்கள். 6-ஐயும் 5-ஐயும் கூட்டி 11 என்று எழுதலாமா? மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

நூலகமேசை:
கூட்டாதீர்கள்! விளக்கம் பிறகு. கட்டுரை அனுப்பும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன நிரப்பினீர்கள்?

நுண்ணோக்கி:
வினையே அங்கேதான். என் பெயர் மலர்விழி, அப்பா பெயர் சுப்பையா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் நகராது. அதனால் முதல் ஆறு கட்டுரைகளுக்கு 'எஸ்' என்று மட்டும் தட்டினேன். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட்டில் "எஸ் எம்" ஆகிவிட்டேன். பாஸ்போர்ட் எடுத்த பிறகு அப்பா பெயரை முழுதாக எழுதினேன். அடுத்த ஐந்தும் "சுப்பையா எம்". அப்பா அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நொதிகளைப் பற்றி அவருக்கு ஐந்து கட்டுரைகள்!

நூலகமேசை:
நினைத்தேன். வாரத்துக்கு ஒருவராவது இந்தப் பெயரின் முதலெழுத்துச் சிக்கலோடு என் மேசைக்கு வருகிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஸ்கோபஸில் எத்தனை மேற்கோள் என்று எழுதுங்கள்.

நுண்ணோக்கி:
"எஸ் எம்": 20, 14, 9, 8, 6, 6. "சுப்பையா எம்": 31, 12, 10, 7, 5.

நூலகமேசை:
எல்லாவற்றையும் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 31, 20, 14, 12, 10, 9, 8, 7, 6, 6, 5. ஏழாவது கட்டுரைக்கு 8 மேற்கோள். எட்டாவதுக்கு 7 தான். எட்டு மேற்கோளாவது பெற்ற எட்டுக் கட்டுரைகள் உங்களிடம் இல்லை. ஏழு மேற்கோளாவது பெற்ற ஏழு கட்டுரைகள் உண்டு. ஆகவே எச்-இன்டெக்ஸ் 7. ஆறும் ஐந்தும் இங்கே ஏழுதான்.

இரண்டு கணக்குகளையும் இணைக்கும்படி ஸ்கோபஸிலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. அதற்கு முன் ஆர்கிட் எண் ஒன்று வாங்கிவிடுங்கள்; ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண் அது. 2012 முதல் தருகிறார்கள், 16 இலக்கம், இதுவும் இலவசம். அங்கே குடும்பப் பெயர் கட்டாயமில்லை. பழைய பெயர் வடிவங்களையும் பதிந்து வைக்கலாம். இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும் அந்த எண்ணைக் கொடுங்கள், பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

எலிக்கூண்டு:
அந்த 12 எனக்கு உறுத்துகிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள், பிரீபிரின்ட் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் கட்டுரை) என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், நூல்கள், மாநாட்டுத் தொகுப்புகளோடு நின்றுவிடும். ஆனாலும் ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இவ்வளவு இடைவெளியா? கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை விட்டுவைத்திருந்தால், பெயரில் அதே முதலெழுத்துள்ள வேறு யாருடையதாவது உள்ளே வந்திருக்கும். பட்டியலைக் கடைசி வரை பாருங்கள்.

நுண்ணோக்கி:
பார்த்தேன், வெட்கமாகப் போய்விட்டது. எலும்பு முறிவு அறுவை சிகிச்சை பற்றி நான்கு கட்டுரைகள். அறுவைக் கூடத்துக்குள் நான் கால் வைத்ததே இல்லை. நீக்கியதும் 9-க்கு இறங்கிவிட்டது.

ஓய்வுபெற்றவாத்தியார்:
இறங்கட்டும் அம்மா. நேர்காணலில் யாராவது அந்த எலும்பைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இந்த அளவுகோலை 2005-இல் முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர்; அதை எங்கள் துறையின் கழுத்தில் ஏன் இவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? 1951-இல் லௌரியும் உடன் மூவரும் எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். புரதத்தின் அளவை நீல நிறத்தை வைத்துக் கண்டறியும் முறை, அவ்வளவுதான். எல்லா ஆய்வகத்துக்கும் தேவைப்பட்டது, எல்லாரும் குறிப்பிட்டார்கள்.

நூலகமேசை:
ஐயா சொல்வது சரி, ஆனால் படிவம் எண்ணைத்தானே கேட்கிறது! "ஸ்கோபஸ் 7, கூகுள் ஸ்காலர் 9" என்று இரண்டையும் எழுதி, பார்த்த தேதியையும் பக்கத்தில் போடுங்கள். திரையின் படத்தை அச்செடுத்து இணையுங்கள்.

நுண்ணோக்கி:
பதினொரு நாளில் ஸ்கோபஸ் இரண்டையும் இணைத்துவிட்டது, 7 என்றே காட்டுகிறது. படிவத்தையும் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "அப்போது என் பெயரில் இருந்த ஐந்தும் போய்விட்டதா?" என்று கேட்கிறார்.