நர்சிங் படிப்புக்கு எந்த ஆப் உதவும்?

நாகர்கோவில் மாணவி: அக்காமாரே, பிஎஸ்சி நர்சிங் மூணாம் வருசம். மருந்து பார்க்கவும் டிரிப் கணக்குக்கும் எந்த ஆப் நல்லது? பேச்சிப்பாறை பக்கம் போஸ்டிங், நெட் நிக்காது.

மார்த்தாண்டம் வார்டு: மருந்துக்கு மெட்ஸ்கேப். வைஃபை இருக்கும்போதே ஆஃப்லைன் தரவை இறக்கி வையுங்க. அமெரிக்கப் பெயர்ல தேடணும்: பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின்.

தக்கலை ஐசியூ: டிரிப் ஆப்ல முதல்ல டிராப் ஃபேக்டரைப் பாரு மக்கா, அதாவது ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டுன்னு. சிலதுல 15 கிடக்கும். நம்ம சாதா டிரிப் குழாய் செட் 20, சின்னச் சொட்டா விழுற மைக்ரோ செட் 60. 500 மில்லியை 8 மணி நேரத்துல, அதாவது 480 நிமிஷத்துல ஏத்த 500×20÷480, நிமிஷத்துக்கு 21 சொட்டு. 15-ஐ மாத்தாம விட்டா 16-னு காட்டும், பாட்டில் முடிய கிட்டத்தட்ட பத்தரை மணி நேரம் ஆகிரும். செட் கவர்ல அச்சடிச்ச எண்ணைத்தான் போடணும்.

நாகர்கோவில் மாணவி: மைக்ரோ செட்டுக்கு, அக்கா?

தக்கலை ஐசியூ: மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. அதுக்கு ஆப்பே வேண்டாம்.