ஏழு பேர் ஆபீஸ், வேலை நாலா பக்கமும் வருகிறது: எதை வைத்து ஒழுங்குபடுத்துவது?

டோனர்_ராணி எழுதியது:

வணக்கம். காப்பியர், பிரிண்டர்களை வாடகைக்கு விட்டு சர்வீஸும் செய்யும் சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். மொத்தம் ஏழு பேர். முதலாளி, கணக்கு பார்ப்பவர், வெளியே போகும் டெக்னீஷியன்கள் மூன்று பேர், ஸ்டோர் பார்க்கும் பையன், அப்புறம் நான். என் பதவிக்கு அட்மின் என்று பெயர். அதாவது யாருக்கும் சொந்தமில்லாத வேலை எல்லாம் என்னுடையது.

காலையில் வந்ததும் அன்று முடிக்க வேண்டியதைத் தாளில் எழுதி வைக்கிறேன். பதினோரு மணிக்குள் அது செல்லாக்காசு. போனில் ஒருவர், பேப்பர் சிக்கிக்கொண்டே இருக்கிறது என்பார். அதை எழுதி முடிப்பதற்குள் வாட்ஸ்அப்பில் இன்னொருவர் டோனர் கேட்பார். முதலாளி அறைக்கதவைத் திறந்து, "அந்த ஸ்கூல் கொட்டேஷன் என்னாச்சு?" என்பார். எந்த ஸ்கூல் என்று நான் யோசிப்பதற்குள் கதவு மூடிவிடும். வெளியே போன டெக்னீஷியன், "டிரம் போச்சு, வேற அனுப்புங்க" என்று குரல் செய்தி போடுவார். எந்த மிஷினுக்கு என்று சொல்ல மாட்டார்.

மாதக் கடைசி இதைவிட மோசம். ஒவ்வொரு மிஷினிலும் கவுன்ட்டர் ரீடிங், அதாவது இதுவரை எத்தனை பக்கம் ஓடியது என்ற எண்ணை எடுத்தால்தான் பில் போட முடியும். பாதி ரீடிங் டெக்னீஷியன்களின் போனில் இருக்கும், மீதி வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சொன்னது. பராமரிப்பு ஒப்பந்தங்களும் இதே கதைதான். எப்போதோ முடிந்துபோன ஒப்பந்தம் என்பது, இலவசமாகப் பாகம் மாற்றிக் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

ஒரு டாஸ்க் ஆப் போட்டுப் பார்த்தோம். முதலில் எல்லாரும் ஆர்வமாக டிக் அடித்தார்கள். பிறகு அதில் நான் மட்டும்தான் குடியிருந்தேன். இப்போது முதலாளி, சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் பலகை மாட்டலாம் என்கிறார். உங்கள் ஆபீசில் எது உண்மையில் நிலைத்தது? கையால் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள்.

---

நிமிடமுள் எழுதியது:

பொமோடோரோ முறையைப் பாருங்கள் ராணி. 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. நாலு சுற்று முடிந்ததும் பெரிய ஓய்வு. அந்த 25 நிமிடத்துக்கு போன், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் சைலண்டில் போட்டுவிடுங்கள். நான் மென்பொருள் எழுதுபவன், இது இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது.

---

பழைய_பேரேடு எழுதியது:

நிமிடமுள் சொன்னது நல்ல முறைதான், ஆனால் ராணி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பொருந்தாது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தன் படிப்புக்காக உண்டாக்கியது அது. அவரிடம் யாரும் டிரம் கேட்கவில்லை. முன்மேசையில் இருப்பவர் 25 நிமிடம் போனை எடுக்காவிட்டால் அந்த அழைப்பு நேராக முதலாளிக்குப் போகும். அப்புறம் கதவு திறக்கும்.

ரொம்ப காலம் ஏசி சர்வீஸ் ஆபீஸ் ஒன்றை நிர்வகித்தவன் நான். கோடைக்காலம் வந்தால் உங்கள் மாதக் கடைசி எங்களுக்கு மூன்று மாதம் நீளும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் ஆபீசுக்குள் வேலை நுழைய நாலைந்து வாசல் இருக்கிறது, நுழைந்த வேலை உட்கார ஒரு திண்ணைகூட இல்லை. அந்தத் திண்ணையைக் கட்டுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒரே ஒரு பதிவேடு போதும். நோட்டா, எக்செல்லா என்பது உங்கள் வசதி. போன், வாட்ஸ்அப், முதலாளி வாய், எதில் வந்தாலும் சரி, அதில் ஏறாதது வேலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். வந்த நாள், நேரம், யார் கேட்டது, மிஷினின் சீரியல் எண், என்ன கேட்டார் என்பதெல்லாம் எல்லாருமே எழுதுவதுதான். இரண்டு கட்டங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: அடுத்து செய்ய வேண்டியது என்ன, அதை யார் எப்போதைக்குள் செய்ய வேண்டும்.

"அடுத்து செய்ய வேண்டியது" கட்டத்தில் "ஸ்கூல் கொட்டேஷன்" என்று எழுதாதீர்கள். அது தலைப்பு. "மாதம் எத்தனை பக்கம் எடுக்கிறார்கள், கலர் வேண்டுமா என்று போனில் கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். தலைப்பாக எழுதினால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். செயலாக எழுதினால் போனைக் கையில் எடுத்துவிடலாம். "பார்க்கலாம்", "ஃபாலோ அப்" ஆகிய இரண்டையும் எங்கள் நோட்டில் நான் தடை செய்திருந்தேன். திட்டு வாங்கிக்கொண்டுதான், ஆனாலும் தடை தடைதான்.

உங்கள் ஆப் படுத்ததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழு பேரும் எழுதுவார்கள் என்று நம்பிப் போட்ட ஏற்பாடு அது. எழுதுவது ஒருவராக இருக்கட்டும், மற்றவர்களுக்கு எண் தெரிந்தால் போதும். "412, டிரம் வேண்டும்" என்று டெக்னீஷியன் சொன்னால் எந்த மிஷின், எந்த இடம் என்பது உங்கள் கையிலேயே இருக்கும். வாடிக்கையாளருக்கும் அந்த எண்ணைக் கொடுத்துவிடுங்கள். மறுபடி கூப்பிடும்போது கதையை முதலிலிருந்து சொல்ல மாட்டார். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் யார் எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பதிவேட்டால் இன்னொரு லாபம் உண்டு, முதலாளிகளுக்குப் பிடிக்காத லாபம். ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. கையில் நிலுவையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு நாளைக்கு வரும் வேலைகளை, ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நாட்களால் பெருக்கினால் வருவது. திருப்பிப் போட்டால், முடிக்காத வரி 40, ஒரு நாளைக்கு வருவதும் முடிவதும் ஏறக்குறைய 8 என்றால், ஒரு வேலைக்குச் சராசரியாக 5 நாள் ஆகிறது என்று அர்த்தம். அப்படியிருக்க முதலாளி போனில் "நாளைக்கே ஆள் வருவான்" என்று சொன்னால், அந்த வாக்கைக் காப்பாற்ற வரிசையில் முன்னால் நிற்கும் யாரையாவது பின்னால் தள்ள வேண்டும். தள்ளப்பட்டவர் நாளை மறுநாள் கூப்பிட்டுக் கத்துவார். வாராவாரம் அந்த இரண்டு எண்ணையும் அவர் மேசையில் வையுங்கள், எதுவும் பேச வேண்டாம்.

வெள்ளைப் பலகை வாங்குவதில் தப்பில்லை. இன்று எந்த டெக்னீஷியன் எங்கே போயிருக்கிறார் என்பதற்கு மட்டும் அது சரி. நிலுவையை அதில் எழுதினால், யாராவது துடைத்தால் போச்சு.

---

ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

நான் அந்தப் பக்கத்து ஆள், காப்பியர் டெக்னீஷியன். எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

டிரம் யூனிட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கும்போது, கையெல்லாம் டோனர். அப்போது போனில் ஆப்பைத் திறந்து, மாடலைத் தேர்ந்தெடுத்து, குறிப்பு எழுதி, சேவ் பண்ணு என்றால் எப்படி? குரல் செய்தி சோம்பேறித்தனம் இல்லை, அதுதான் முடியும். எண் விஷயம் நல்ல யோசனை. கிளம்பும்போதே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால் செய்தியில் முதலில் அதைச் சொல்வதில் எங்களுக்குக் கஷ்டமே இல்லை.

ரீடிங் பற்றி ஒன்று. வாயால் சொல்லும் ரீடிங்கை வாங்காதீர்கள். எழுதும்போது இரண்டு இலக்கம் இடம் மாறிவிடும், பிறகு பில்லில் சண்டை. பெரும்பாலான மிஷின்களில் மெனுவுக்குள் போனால் ஸ்டேட்டஸ் பக்கமோ கவுன்ட்டர் பக்கமோ அச்செடுக்கலாம். அதில் பெரும்பாலும் சீரியல் எண்ணும் கவுன்ட்டரும் ஒரே தாளில் வரும். கறுப்பு வெள்ளை, கலர் தனித்தனியாகவும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புகாருக்குப் போகும் எந்த மிஷினிலும், மாதத்தின் எந்த நாளானாலும், அந்தத் தாளை எடுப்பது எங்கள் வேலையின் பகுதியாக இருக்கட்டும். நெட்வொர்க்கில் இருக்கும் மிஷினாக இருந்தால் மின்னஞ்சலில் தானாகவே கவுன்ட்டர் அனுப்பும் வசதி உண்டா என்று செட்டிங்கில் பாருங்கள். பல மாடல்களில் இருக்கிறது, யாரும் ஆன் செய்வதில்லை.

அப்புறம், ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் ஆறு புகாரைக் கட்டாதீர்கள். பாதியில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினால், திரும்பி வரும்போது எந்த ஸ்க்ரூவை எங்கே வைத்தேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

---

டோனர்_ராணி எழுதியது:

பேரேடு ஐயா, ஸ்க்ரூடிரைவர் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்டேட்டஸ் பக்கம் மட்டுமே என் மாதக் கடைசியில் பாதியைக் காப்பாற்றும் போலிருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம். கதவைத் திறக்கும் முதலாளியை என்ன செய்வது? நான் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் கேட்டால் எண்கள் எல்லாம் கலைந்துவிடுகின்றன. இன்னொன்று, கம்ப்யூட்டரில் "கொட்டேஷன் ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் இதுதான்" என்று ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று ஃபைல் இருக்கின்றன. எதை அனுப்பினோம் என்று யாருக்கும் தெரியாது. அலமாரியில் இருக்கும் காகிதங்களைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது.

---

பழைய_பேரேடு எழுதியது:

எண்கள் கலைவது உங்கள் மனம் பலவீனம் என்பதால் இல்லை அம்மா. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினால், கவனத்தின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அதனால் கதவு திறந்ததும், முதலில் போட்டுக்கொண்டிருக்கும் பில்லின் எந்த வரியில் நிற்கிறீர்கள், அடுத்து என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு நிமிருங்கள். ஐந்து விநாடி வேலை. திரும்பி வரும்போது தேட வேண்டியதில்லை.

முதலாளியைத் திருத்த முடியாது, அவருக்கு நேரம் ஒதுக்கலாம். பெரும்பாலான முதலாளிகள் கதவைத் திறப்பது பதில் வேண்டி அல்ல, மறந்துவிடுவோமோ என்ற பயத்தில். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பதிவேட்டை எடுத்துக்கொண்டு நீங்களே அவர் அறைக்குள் போங்கள். நின்றுகொண்டே பேசிவிட்டு வாருங்கள், உட்கார்ந்தால் நீளும். நடுவில் கேட்டால், "எழுதிக்கொண்டேன், எண் 418, மாலை சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மாலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் சொல்லாமல் விட்டால் மறுபடி கதவுதான்.

ஃபைல் பெயரில் "ஃபைனல்" என்ற சொல்லையே ஒழித்துவிடுங்கள். பெயரின் தொடக்கத்தில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வரட்டும்: 2025-03-07, பிறகு வாடிக்கையாளர், பிறகு கொட்டேஷன், பிறகு பதிப்பு 1, 2 என்று. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரம் 1988-ல் சொன்ன வரிசை அது. பெயர்வாரியாக அடுக்கினாலே கால வரிசையில் நின்றுவிடும் என்பதுதான் நமக்கு லாபம். நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதங்களின் ஏழாம் தேதியும் ஒன்றாகக் கூட்டம் போடும். வாடிக்கையாளருக்கு அனுப்பியதை மட்டும் பிடிஎஃப் ஆக மாற்றி, "அனுப்பியவை" என்று தனி ஃபோல்டரில் போடுங்கள். அதற்குள் போனதை யாரும் திருத்தக் கூடாது, திருத்தினால் அடுத்த பதிப்பு எண்.

காகிதத்துக்கு, யுகியோ நொகுச்சி என்ற ஜப்பானியப் பொருளாதார அறிஞர் 1990-களில் பிரபலமாக்கிய வழியைச் சொல்கிறேன். தலைப்புவாரியாகப் பிரிக்கவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு பெரிய உறையில் போட்டு, ஓரத்தில் தேதியும் பெயரும் எழுதி, அலமாரியில் ஒரே வரிசையாக நிறுத்துங்கள். எதை எடுத்துப் பார்த்தாலும் திரும்ப வைக்கும்போது இடது ஓரத்தில் வையுங்கள். நாளடைவில் அடிக்கடி புழங்குவது இடப்பக்கம் சேரும், தொடாதது தானாக வலக்கோடிக்குப் போகும். அங்கிருந்து எடுத்து, சட்டப்படி வைத்திருக்க வேண்டியதைப் பெட்டியில் கட்டிவிட்டு மற்றதைக் கிழித்துவிடலாம். எங்கள் ஆபீசில் இதைச் சொன்னபோது கணக்குப் பிள்ளை ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அவருடைய வவுச்சர்களை மட்டும் எண் வரிசையிலேயே விட்டுவிட்டோம். அவர் சொன்னதும் நியாயம்தான், வவுச்சரை எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.

ஒப்பந்தம் முடியும் தேதிக்கு மட்டும் எந்த அடுக்கும் உதவாது. நாளுக்கு ஒன்றாக 31, மாதத்துக்கு ஒன்றாக 12, ஆக 43 உறை வைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிவதற்கு 60 நாள் முன்பு எந்த மாதம் வருகிறதோ அந்த மாத உறையில் ஒரு சீட்டு. மாதம் பிறந்ததும் அந்த உறையைக் கொட்டி, சீட்டுகளை நாள் உறைகளில் பிரித்துப் போட வேண்டும். தினமும் காலையில் அன்றைய உறையைத் திறந்தால் போதும். போன் காலண்டரிலும் இதைச் செய்யலாம், ஆனால் உங்கள் சொந்தக் காலண்டரில் வேண்டாம். ஆபீசுக்கென்று ஒரு கணக்கு திறந்து அதில் போடுங்கள், ஆள் மாறினாலும் நினைவூட்டல் ஆபீசிலேயே இருக்கும்.

---

பாக்கி_வசூல் எழுதியது:

கணக்குப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எல்லா மிஷினுக்கும் மாதக் கடைசியில்தான் பில் என்று யார் சொன்னது? வாடிக்கையாளர்களை நாலு குழுவாகப் பிரித்து, 5, 12, 19, 26 தேதிகளில் ஒவ்வொரு குழுவுக்கும் பில் போடுங்கள். ரீடிங் எடுப்பதும் அப்படியே பிரிந்துவிடும், பணமும் மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பதிவேடு எக்செல் என்றால் மூன்று நகல் இருக்கட்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அதில் ஒன்று ஆபீசுக்கு வெளியே.

பில் தேதியை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது மாற்றுங்கள். நடுவில் மாற்றினால் முதல் பில் அரை மாதத்துக்கு வரும், குறைந்தபட்சப் பக்கக் கட்டணத்தை அதற்கு எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போன் போடுவார்கள்.