புதுப்பிப்பு: மண்டபம் விசைப்படகு வின்ச் மூட்டு, மெஷ் விவகாரம்

வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் எந்திரம்) அடித்தட்டின் வெல்டிங் ஓரத்தில், கணினி மாடலின் மெஷ்ஷை, அதாவது மாடலைப் பிரிக்கும் கட்டங்களை, சிறிதாக்கச் சிறிதாக்கத் தகைவு (stress) ஏறிக்கொண்டே போகிறது, எந்த எண்ணை நம்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

மாடலில் அந்த ஓரம் கூர்மையான உள்மூலை. கணக்குப்படி அங்கே தகைவுக்கு எல்லையே கிடையாது, மெஷ் எவ்வளவு பொடியானாலும் எண் நிலைக்காது. சரி, அந்தப் புள்ளியை விட்டுவிட்டு, தட்டின் தடிமனில் 0.4 மடங்கும் 1 மடங்கும் தள்ளி மேற்பரப்புத் தகைவை எடுத்தேன் (10 மி.மீ. தட்டுக்கு 4, 10 மி.மீ.). முதலாவதை 1.67ஆல் பெருக்கி, அதிலிருந்து இரண்டாவதின் 0.67 மடங்கைக் கழித்தால் ஹாட் ஸ்பாட் தகைவு, அதாவது வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடுமா என்று பார்க்க எடுக்கும் தகைவு. இப்போது மெஷ்ஷை மாற்றினாலும் எண் பெரிதாக அசையவில்லை. படகில் போய்ப் பார்த்தால், வெல்டிங் முடியும் மூலையில், மாடல் காட்டிய அதே இடத்தில், மயிரிழை விரிசலும் துரு வழிந்த கோடும்!

அப்புறம், விரிசல் வெல்டிங்கின் வேரிலிருந்து (உள்ளே இருக்கும் அடிப்பகுதி) கிளம்பினால் இந்த முறை உதவாது. உப்புத்தண்ணீர் படும் மூட்டுக்கு, காற்றில் சோதித்த ஃபேட்டிக் வளைவை (எந்தத் தகைவை எத்தனை சுற்று தாங்கும் என்று காட்டும் வரைபடம்) அப்படியே வைக்காதீர்கள்.