உதவி தேவை: 2003-ல் வந்த ஃபிளாஷ் கவிதைத் தொடர் முதல் திரையோடு நின்றுவிடுகிறது

கேட்டவர்:
வணக்கம். மின்னிலக்கியத்தில் (கணினியில் ஓடுவதற்கென்றே படைக்கப்படும் இலக்கியம்) ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட படைப்பு, 2003-ல் ஒரு கவிஞர் தன் சொந்தத் தளத்தில் வெளியிட்ட ஃபிளாஷ் (பிரவுசரில் அசைபடமும் ஒலியும் ஓட்டிய, இப்போது கைவிடப்பட்ட மென்பொருள்) கவிதைத் தொடர். தளம் இப்போது இல்லை. பழைய இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் தேடி ஒரு எச்டிஎம்எல் பக்கத்தையும் ஒரு எஸ்டபிள்யூஎஃப் கோப்பையும் (ஃபிளாஷ் ஓட்டும் கோப்பு) எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில், ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய பிரவுசரில் ஓட்டும் ரஃபிள் என்ற நிரலைச் சேர்த்து, என் கணினியிலேயே பிரவுசரில் திறக்கிறேன். தலைப்பு வருகிறது, பின்னணி ஒலி ஓடுகிறது. உள்ளே போகும் பொத்தானை அழுத்தினால் வெறும் கறுப்புத் திரைதான்.

கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா, ரஃபிளால் இதை ஓட்ட முடியவில்லையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எப்படியோ ஓடவைத்துவிட்டாலும், நான் படிப்பது அன்றைய வாசகர் படித்த அதே படைப்பு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில் 1:
2003 என்றால் ஃபிளாஷின் நிரல்மொழி ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1 அல்லது 2-ஆகத்தான் இருக்கும். 3 வந்தது 2006-ல், ஃபிளாஷ் பிளேயர் 9-உடன். பழைய இரண்டையும் ரஃபிள் நன்றாகவே ஓட்டும். தலைப்பும் ஒலியும் வருவதால் கோப்பும் கெட்டிருக்காது.

உங்கள் எஸ்டபிள்யூஎஃப் எவ்வளவு பெரியது? சில பத்து கேபிதான் என்றால் அது வெறும் வாசற்கதவு. கவிதைகள் தனித்தனி எஸ்டபிள்யூஎஃப், டெக்ஸ்ட், எக்ஸ்எம்எல் கோப்புகளாக சர்வரில் இருந்திருக்கும், பொத்தானை அழுத்தும்போது ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்தக் காலத்தில் டயல்-அப் இணைப்புக்காகப் பலரும் இப்படித்தான் பிரித்து வைத்தார்கள்.

முதலில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். எந்தக் கோப்பைக் கேட்டுத் தோற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். அப்படித் திறந்தால், அதே ஃபோல்டரில் இருக்கும் கோப்பைக்கூடப் பாதுகாப்புக் காரணத்தால் பிரவுசர் படிக்க விடாது. பைத்தானில் ஒரு வரிக் கட்டளையில் உங்கள் கணினிக்குள்ளேயே லோக்கல் சர்வர் ஓட்டி, அதன் வழியாகத் திறங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கோப்பு 41 கேபிதான். லோக்கல் சர்வரில் ஓட்டியதும் நெட்வொர்க் பகுதியில் சிவப்பாக வரிசை வந்தது, எல்லாம் 404, அதாவது கோப்பு இல்லை. ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும் சில எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளும் கேட்கிறது. இவை வேபேக்கில் இருக்குமா? பக்கத்தில் இவற்றுக்கு இணைப்பே இல்லையே.

பதில் 2:
இணைப்பு இல்லாததுதான் சிக்கல். சேகரிக்கும் நிரல் எச்டிஎம்எல்லில் தெரியும் இணைப்புகளைப் பின்தொடர்ந்துதான் போகும். ஃபிளாஷுக்குள் புதைந்த பெயர்களை அது பெரும்பாலும் காணாது. ஆனாலும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். அந்தத் தள முகவரியின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு வேபேக்கில் தேடினால், அங்கே சேகரிக்கப்பட்ட எல்லா முகவரிகளின் பட்டியலும் வரும். வேறு ஆண்டுகளின் பிரதிகளையும் பாருங்கள். 2003-ல் விடுபட்டது 2006-ல் சிக்கியிருக்கலாம்.

தரவிறக்கும்போது, முகவரியில் உள்ள தேதி எண்ணுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சிறிய ஐ, டி, அடிக்கோடு மூன்றையும் சேருங்கள். வேபேக் பக்கத்தின் மேலே காட்டும் தன் பட்டையையும் மாற்றிய இணைப்புகளையும் நுழைக்காமல் மூலக் கோப்பை அப்படியே தரும். எந்தத் தேதியின் பிரதி என்பதையும் கோப்புவாரியாகக் குறித்து வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கவனிக்க வேண்டியது. விண்டோஸ் சர்வரில் இரண்டும் ஒன்றுதான், லினக்ஸில் வேறு வேறு. கோப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் நிரலைக் காட்டும் ஜேபெக்ஸ் டீகம்பைலரில் எஸ்டபிள்யூஎஃப்-ஐத் திறந்தால், நிரலில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம்.

பதில் 3:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், என் பார்வையில் அதுதான் பெரிய கேள்வி. 'அதே படைப்பு' என்று எழுதாதீர்கள். எந்தப் பிரதியை, எந்தச் சூழலில் படித்தீர்கள் என்று எழுதுங்கள்.

கவிதை என்பதால் சொல்கிறேன், முதலில் எழுத்துருவைப் பாருங்கள். ஃபிளாஷில் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கலாம், கணினியில் இருப்பதைப் பயன்படுத்து என்றும் விட்டுவிடலாம். இரண்டாவது வகை என்றால் ரஃபிளில் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி உடையும் இடமே மாறிவிடலாம். கவிதையில் அது சிறிய மாற்றம் இல்லை. அடுத்தது வேகம். கோப்பில் எழுதிய பிரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம்) அன்றைய மெதுவான கணினிகளால் எல்லா நேரமும் எட்ட முடிந்ததில்லை. ஆகவே சொற்கள் மறையும் வேகத்தை வைத்து நீங்கள் வாதம் கட்டினால், இந்த விஷயத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஃபிளாஷின் தனித்தியங்கும் புரொஜெக்டரில் (பிரவுசர் இல்லாமலே கோப்பை ஓட்டும் நிரல்) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2021 ஜனவரி 12 முதல் உள்ளடக்கத்தைத் தடுத்தது பிரவுசர் பிளேயர்தான். புரொஜெக்டரில் அந்தப் பூட்டு இல்லை. இணையத்தில் இணைக்காத கணினியில் ஓட்டுவது நல்லது.

மின்னிலக்கிய ஆய்வாளர்கள் டீன் கிரிகாரும் ஸ்டூவர்ட் மோல்த்ரோப்பும் பாத்ஃபைண்டர்ஸ் திட்டத்தில் செய்த முறையும் உங்களுக்கு உதவும். பழைய கணினியில் படைப்பை ஓட்டி, எழுதியவரையோ வாசகரையோ வாய்விட்டுப் படிக்கவைத்து, கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறார் என்பது உட்பட வீடியோவில் பதிந்தார்கள். 2015-ல் அது வெளியானது. கோப்பு மட்டும் மிஞ்சினால், வாசிப்பு எப்படி இருந்தது என்பது மிஞ்சுவதில்லை. நீங்களும் முழு வாசிப்பு ஒன்றைத் திரைப்பதிவு செய்து ஆய்வேட்டோடு கொடுங்கள்.

கேட்டவர்:
நட்சத்திரக் குறித் தேடல் வேலை செய்தது! எக்ஸ்எம்எல் 2005-ன் பிரதியில் இருந்தது, ஒரு எஸ்டபிள்யூஎஃப் தவிர மற்றவையும் கிடைத்தன. கவிதைகள் திறக்கின்றன. கிடைக்காத அந்த ஒன்று நிறைவுப் பகுதி. புரொஜெக்டரில் பார்த்தபோது வரிகள் ரஃபிளில் வந்ததைவிட வேறாக உடைகின்றன, பதில் 3 சொன்னது அப்படியே நடக்கிறது. விடுபட்ட பகுதிக்கு என்ன செய்வது?

பதில் 2:
கவிஞருக்கே எழுதுங்கள். பலரிடம் பழைய சிடியில் எஃப்எல்ஏ மூலக் கோப்பு (ஃபிளாஷில் திறந்து திருத்தக்கூடியது) இருக்கும், அது எஸ்டபிள்யூஎஃப்-ஐவிட மதிப்புள்ளது. மின்னிலக்கிய அமைப்பு (எலக்ட்ரானிக் லிட்ரேச்சர் ஆர்கனைசேஷன்) 2004-லேயே தன் பரிந்துரை நூலில் எழுத்தாளர்களிடம் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்தச் சொன்னது. சிடி கிடைத்தால் கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் முழு வட்டையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக எடுங்கள். அந்த மடலிலேயே பாதுகாப்பதற்கும் பிறருக்குக் காட்டுவதற்கும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். அதே அமைப்பு நடத்தும் 'த நெக்ஸ்ட்' காப்பகத்துக்குப் படைப்பைக் கொடுக்க விருப்பமா என்றும் கேட்கலாம்.

பதில் 1:
மடல் அனுப்புவதற்கு முன் இப்போது கிடைத்ததற்கு எஸ்ஹெச்ஏ-256 எண் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து, திருத்தாத ஒரு நகலைத் தனியே வைத்துவிடுங்கள். ரஃபிளின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அது அடிக்கடி மாறுகிறது. நிறைவுப் பகுதி கிடைக்காவிட்டால் அந்த இடத்தை நீங்களாக நிரப்பாமல், விடுபட்டது என்று கோப்புப் பெயரோடு எழுதுங்கள். அந்தப் பெயரை வைத்து வேறொருவர் தேடி எடுக்க வாய்ப்பு உண்டு.

கேட்டவர்:
சரி, இன்றே எண் எடுத்துவிட்டுக் கவிஞருக்கு எழுதுகிறேன். பதில் வந்ததும் இங்கே சொல்கிறேன்.